உள்ளே பத்து, வெளியே பதினாறு

முப்பத்தொரு வருடம் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன் நான். குழாயில் தண்ணீர் எப்படி ஓடும் என்பதைக் கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அப்படிப்பட்டவன் இரண்டு மீட்டர் பிளாஸ்டிக் குழாய் வாங்கப் போய், தப்பான குழாயை வாங்கி, அதுதான் சரியான குழாய் என்று பொய் சொல்லி, அதனால் மகளின் கம்ப்யூட்டர் பாழானபோது பழியை அவள் தலையிலேயே போட்டேன். சொல்ல வேண்டியது இவ்வளவுதான். மீதியை எழுதுவது, இவ்வளவு படித்தவன் இதை எப்படிச் செய்தான் என்று கேட்பவர்களுக்காக. படித்ததால்தான் செய்தான் என்பது என் தாழ்மையான கருத்து.

எங்கள் வீடு இராமநாதபுரத்தில் இருக்கிறது. மகள் மாடி அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறாள். இனிமேல் கட்டப்போகிற ஒரு கட்டடத்தை, கட்டி முடித்துவிட்டதுபோலக் கம்ப்யூட்டரில் உருவாக்கி, அதற்குள் நாம் நடந்துபோவதுபோலப் படமாக ஓடவிட்டுக் காட்டும் வேலை. வேலை கொடுப்பது வளைகுடாவில் உள்ள ஒரு கம்பெனி. இந்தப் பக்கத்தில் பாதி வீடுகளில் ஆள் அங்கே இருப்பார், பணம் இங்கே வரும். எங்கள் வீட்டில் ஆளும் இங்கேயே இருந்தாள். அது எனக்குப் பெருமையாக இருந்தது; அவளிடம் சொன்னதில்லை.

சிக்கல் வெயிலால் வந்தது. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை. சித்திரையில் அந்தத் தளத்தில் வடகம் காயப்போட்டால் ஒரே நாளில் காய்ந்துவிடும். அதன் அடியில், இரவும் பகலும் படம் தயாரிக்கும் ஒரு கம்ப்யூட்டர். அதற்குள் இருந்த காற்றாடிகள் மாவு மில் மாதிரி இரைந்தன. சூடு தாங்காமல் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. நாலு நிமிடத்தில் முடிய வேண்டிய வேலை அரை மணி நேரம் இழுத்தது. அந்த நேரத்தில்தான் கம்பெனியிலிருந்து பெரிய வேலை ஒன்று வந்தது. ஒரு ஓட்டலின் வரவேற்புக் கூடம் முதல் மொட்டை மாடி நீச்சல் குளம் வரை முழுப் படம். சொன்ன நாளுக்குள் முடித்துக் கொடுத்தால் வருடம் முழுவதற்குமான ஒப்பந்தம். முடிக்காவிட்டால் பழையபடி உதிரி வேலை.

மகள் யோசித்து, காற்றாடியை விட்டுவிட்டுத் தண்ணீரால் குளிர்விப்பது என்று முடிவு செய்தாள். காரில் இருக்கும் ஏற்பாடுதான். சூடாகும் சில்லின் மேல் ஒரு உலோகக் கட்டி, அதற்குள் தண்ணீர் ஓடும். சிறு பம்ப் ஒன்று அதைத் தள்ளும். ரேடியேட்டரில் போய் ஆறித் திரும்பும். இவற்றை இணைப்பது குழாய். இதை அவள் எனக்கு விளக்கியபோது நான் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினேன். வெப்பம் எப்படிக் கடத்தப்படுகிறது என்பதை நான் அவளுக்குச் சொல்லத் தொடங்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். அந்தப் பொறுமையை அப்போது நான் ஆர்வம் என்று எடுத்துக்கொண்டேன்.

என் மனைவிக்கும் யோசனை இருந்தது. கடையில் காய்ச்சி வடித்த தண்ணீர் கேனில் வாங்கி வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, "காசு குடுத்து எதுக்குத் தண்ணி? ராமேஸ்வரத்துத் தீர்த்தம் ரெண்டு பாட்டிலு சாமி ரூம்ல கெடக்கே" என்றாள்.

"உப்பும்மா அது. உள்ள அடைச்சிக்கிரும்" என்றாள் மகள்.

"இத்தன வருசமா குடிக்கிறோம், நமக்கு அடைக்கல. மிசினுக்கு அடைக்குமாக்கும்."

நான் சிரித்தேன். அந்த வீட்டிலேயே அறிவியல் தெரியாத ஆள் என் மனைவி ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டு சிரித்தேன்.

சாமான்கள் எல்லாம் பார்சலில் வந்தன, குழாயைத் தவிர. குழாய் இருப்பில் இல்லை, வர இரண்டு வாரம் ஆகும் என்று செய்தி வந்தது. ஓட்டல் வேலையை ஒப்படைக்க அதைவிடக் குறைவான நாள்தான் இருந்தது. மதுரையில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் அந்தக் குழாய் இருப்பதாக மகள் தேடிக் கண்டுபிடித்தாள். அவளால் வேலையை விட்டு எழுந்து போக முடியாது. ஒரு துண்டுச் சீட்டில் எழுதி என் கையில் கொடுத்தாள்.

"உள்ள பத்து மில்லி, வெளிய பதினாறு மில்லிய்யா. ரெண்டு மீட்டரு. கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கணும், உள்ள காத்துக் குமிழு நின்னா தெரியணும். வளையுறதா இருக்கணும். ஆனா சுவரு கனமா இருக்கணும். இளசா இருந்தா வளைவுல மடங்கி, தண்ணி நின்டுரும்."

"எனக்கே பாடமா?"

"பாடம் இல்லய்யா. சீட்டு. தொலைச்சிராதீக."

கிளம்புவதற்கு முன்தினம், சரக்கு இருக்கிறதா என்று கேட்க அந்தக் கடைக்கு நானே போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தார்.

"சாஃப்ட் டியூபா சார், ஹார்டு டியூபா?"

"தண்ணீர் போகிற குழாய்" என்றேன்.

"அது சரி சார். எந்த ஃபிட்டிங்குக்கு? கிளிப்பு போடுறதா, மரை முறுக்குறதா?"

தண்ணீர் ஓட்டத்தின் தன்மையைப் பொறுத்து அது அமையும் என்று நான் ஏதோ சொன்னேன்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. வீட்ல வெவரம் தெரிஞ்சவுங்க யாராச்சும் இருந்தா பேசச் சொல்லுங்க."

அந்தப் பெண் மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை. வீட்டில் விவரம் தெரிந்தவரிடம் போனைக் கொடுக்கும்படி எனக்கு, ஆய்வுக்கூடத்துக்கு மூன்று தலைமுறை மாணவர்களைப் பழக்கியவனுக்கு, சொல்லப்பட்டது. நான் வணக்கம் சொல்லி வைத்துவிட்டேன். மகளிடம் "சரக்கு இருக்காம்" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலையில் புது பஸ் ஸ்டாண்டில் மதுரை வண்டி புறப்படத் தயாராக நின்றது. ஜன்னலோர இருக்கைகூடக் காலி. பக்கத்தில் இராமேஸ்வரம் வண்டி நின்றது. நான் இராமேஸ்வரம் வண்டியில் ஏறினேன். அதற்கு ஒரு காரணம் தயாராக வைத்திருந்தேன். இந்தக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான விசைப்படகுகள் ஓடுகின்றன, எல்லாவற்றிலும் இன்ஜின் இருக்கிறது, எல்லா இன்ஜினிலும் குழாய் இருக்கிறது. குழாயைப் பற்றிப் படகு மெக்கானிக்குக்குத் தெரியாததா மதுரைக் கடைக்காரிக்குத் தெரிந்துவிடப்போகிறது? காரணம் நன்றாகத்தான் இருந்தது. காயப்பட்ட ஆளுக்குக் காரணங்கள் எப்போதும் நன்றாகவே கிடைக்கும்.

பாம்பனில் இறங்கி, படகு இன்ஜின் சாமான் விற்கும் கடை ஒன்றுக்குப் போனேன். அங்கே இருந்த மெக்கானிக்குக்கு ஐம்பது வயது இருக்கும். கையைத் துடைத்துக்கொண்டு சீட்டை வாங்கிப் பார்த்தார்.

"யாரு எழுதுனது?"

"என் மகள்."

"வெவரமா எழுதியிருக்கு."

பிறகு ஒரு தெளிவான டீசல் குழாயை எடுத்து வந்து, இரண்டு விரலால் அமுக்கிக் காட்டினார். "உள்ள பத்து இதுல இருக்கு சார். ஆனா சுவரு இளசு. கிளிப்பு வச்சு முறுக்குனா கடிச்சிரும், முறுக்காட்டி நழுவிரும். சூடு பட்டா இன்னும் மோசம், கொழகொழத்துப் போயிரும். போட்டுல நழுவுனா நடுக்கடல்ல நிப்போம், அம்புட்டுத்தான். இன்னொரு போட்டு வந்து இழுத்துட்டுப் போகும். ஒங்க மக மிசினு வெல கூடுனதா?"

"கூடினதுதான்."

"அப்ப சீட்டுல என்ன இருக்கோ அத வாங்குங்க. கூடக் கொறைய வேணாம்."

நான் சம்பளம் வாங்கிக்கொண்டு சொன்ன எந்தப் பாடமும் இவ்வளவு சுருக்கமாகவும் சரியாகவும் இருந்ததில்லை. அதை அவர் இலவசமாகச் சொன்னார், அதுவும் மகளைப் பாராட்டிவிட்டுச் சொன்னார். இரண்டையும் நான் மன்னிக்கவில்லை. நன்றி சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

திரும்பி வந்து இராமநாதபுரத்தில் இறங்கியும் நேரம் இருந்தது. மதுரைக்குப் போய்வர ஆகும் நேரத்தை நான் எங்காவது கழித்தாக வேண்டும். மீன்தொட்டி விற்கும் கடையில் கேட்டேன். இடியாப்பம் மாதிரி ஒரு குழாயைக் காட்டினார்கள். மருந்துக் கடைக்குப் போய், குளுக்கோஸ் ஏற்றும் குழாய் கொஞ்சம் பெரிய அளவில் கிடைக்குமா என்று விசாரித்தேன்.

"பேஷண்டுக்கு என்ன வயசு சார்?" என்று கேட்டார் கடைக்காரர்.

கம்ப்யூட்டர் வாங்கி எத்தனை வருடம் என்ற ஞாபகத்தில், "மூணு" என்றேன்.

"பச்சப் புள்ளையா. டாக்டர் சீட்டு இருக்கா?"

என்னிடம் இருந்த ஒரே சீட்டு மகள் எழுதியது. அதைக் காட்டாமல் வெளியே வந்தேன்.

கடைசியாகப் போனது, என் பழைய மாணவர் நடத்தும் ஹார்டுவேர் கடை. பல வருடம் வளைகுடாவில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து வாப்பாவின் கடையைப் பார்த்துக்கொள்பவர். அங்கே கூரையிலிருந்து வளையம் வளையமாகத் தொங்கியது மட்டம் பார்க்கும் குழாய். வீடு கட்டும்போது கொத்தனார்கள் பயன்படுத்துவது. தண்ணீரை நிரப்பி, ஒரு முனையை இந்தச் சுவரிலும் மறுமுனையை அந்தச் சுவரிலும் பிடித்தால், இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். அந்த உயரத்தில் கோடு போட்டுக்கொள்வார்கள்.

அந்தக் குழாயைப் பார்த்ததும் எனக்கு ஒரு பாசம் வந்தது. எங்கள் ஊரில் பணி ஓய்வு பெறுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு வீடு கட்டுவார்கள். கட்டி முடிப்பதற்குள் எல்லோரும் இன்ஜினியர் ஆகிவிடுவார்கள். நானும் ஆனேன். நான் கட்டிய வீட்டில் குழாயின் ஒரு முனையை நானே பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். கொத்தனார் என்னைப் பிடிக்கச் சொன்னதற்குக் காரணம், நான் சும்மா நின்றால் பேசிக்கொண்டே இருப்பேன் என்பது. ஆனால் அந்த வீட்டுத் தரையில் ஒரு கோலிக்குண்டை வைத்தால் இன்றும் உருளாது. அதில் எனக்கும் பங்கு உண்டு என்று நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கைதான் அன்றைக்கு என்னைக் கடைக்குள் கூட்டிக்கொண்டு போனது.

"இதுல மூணு மீட்டர் வெட்டுப்பா. ரெண்டு போதும், ஒண்ணு கைவசம் இருக்கட்டும்."

"சார், அது மட்டம் பாக்குற டியூபு."

"தெரியும்பா. உள்ளே தண்ணிதானே நிக்குது?"

"நிக்கும் சார். ஓடுமான்னு தெரியாது."

"நிக்கிற தண்ணியும் ஓடுற தண்ணியும் தண்ணிதான்."

"சார் சொன்னா சரியாத்தான் இருக்கும். நான் ஒங்க பேப்பர்லயே ரெண்டு தடவ பெயிலு."

"உள்ளே பத்து இருக்குமா?"

"பத்துன்னு மேல அச்சடிச்சிருக்கான். உள்ள இருக்கிறத அல்லாஹ்தான் அறிவான். எதுக்கும் அளந்து பாத்துக்கங்க சார்."

என் வீட்டில் வெல்வெட் பெட்டிக்குள் ஒரு வெர்னியர் காலிப்பர் இருக்கிறது. பணி ஓய்வு அன்று மாணவர்கள் பரிசாகக் கொடுத்தது. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை அளக்கும். அதை எப்படிப் படிப்பது என்று முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒவ்வொரு ஜூலையிலும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அந்தக் குழாயை நான் அளக்கவில்லை. வெளிப்புறம் பதினாறு இல்லை என்பது கண்ணுக்கே தெரிந்தது. தண்ணீர் உள்ளேதான் போகிறது, வெளிப்புறம் எவ்வளவு இருந்தால் அதற்கென்ன என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். இதை ஒரு மாணவன் தேர்வில் எழுதியிருந்தால் பூஜ்யம் போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டிருப்பேன்.

பஸ் ஸ்டாண்டு வழியாக வந்தபோது, மதுரை வண்டியில் வந்து இறங்கிய மல்லிகைப்பூவை ஒருவர் கூடையில் பரப்பி விற்றார். இரண்டு முழம் வாங்கிக்கொண்டேன். மதுரைக்குப் போய்வந்ததற்கு அது சாட்சி. வீட்டில் நுழைந்ததும் மனைவி வாங்கி முகர்ந்து பார்த்து, "என்ன இருந்தாலும் அங்கன போயி வாங்குற பூவு வாசமே தனி" என்றாள். ஒரே நாளில் இரண்டு பெண்களை ஏமாற்றுவது இவ்வளவு சுலபம் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

குழாயின் மேல் கறுப்பு மையில் நீளமாக அச்சடித்திருந்தார்கள். அது இருந்தால் மகள் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவாள். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அவள் நகப்பூச்சை அழிக்க வைத்திருந்த திரவத்தைப் பஞ்சில் நனைத்து, இரண்டு மீட்டரிலும் எழுத்தைத் துடைத்து எடுத்தேன். எழுத்து போனது. கூடவே குழாயின் பளபளப்பும் கொஞ்சம் போனது. அந்தத் திரவம் பிளாஸ்டிக்கை அரிக்கும் என்று வேதியியல் துறையில் எந்த உதவியாளரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். ஆனால் நான் இயற்பியல் துறை. எழுத்தோடு மிஞ்சிய ஒரு மீட்டரைப் பரணில், வீடு கட்டியபோது வாங்கிய தட்டுமுட்டுச் சாமான்களோடு போட்டுவிட்டேன்.

மகள் குழாயைக் கையில் வாங்கி விரலால் அமுக்கினாள். பாம்பன் மெக்கானிக் அமுக்கிய அதே மாதிரி.

"இளசா இருக்கேய்யா."

"இதுதான் பத்துக்குப் பதினாறு."

"அளந்தீகளா?"

"வெர்னியர் வச்சு அளந்துதான் வாங்குனேன்."

அவள் மறுபடி கேட்கவில்லை. அளந்தேன் என்று நான் சொன்னால் அளந்ததுதான் என்று நம்பி வளர்ந்தவள். அவள் மேசையிலேயே ஒரு சாதாரண அளவுகோல் கிடந்தது; அதைக்கூட எடுக்கவில்லை. நான் செய்த மற்றதையெல்லாம் முட்டாள்தனம் என்று தள்ளிவிடலாம். இந்த ஒரு வாக்கியத்தைத் தள்ள முடியவில்லை.

அன்று அவள் வேலை செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். குழாயை நேராக வெட்டி, வெந்நீரில் நுனியை இளக்கி, பித்தளை மூக்குகளில் செருகி, ஒவ்வொன்றிலும் ஒரு இரும்புக் கிளிப் போட்டு, சின்னத் திருப்புளியால் நிதானமாக முறுக்கினாள். எட்டுக் கிளிப்புகள். ஒவ்வொன்றையும் முறுக்கிய பிறகு லேசாக இழுத்துப் பார்த்தாள். கம்ப்யூட்டரை இயக்காமல் பம்ப்பை மட்டும் ஓடவிட்டு, அடியில் எல்லா இடத்திலும் டிஷ்யூ பேப்பர் பரப்பி, ஒரு நாள் முழுவதும் வைத்திருந்தாள். ஒரு சொட்டு விழவில்லை. மறுநாள் காலை அந்தக் காய்ந்த பேப்பர்களை அவள் எடுத்துக் காட்டியபோது, புது வீட்டுக்குப் பால் காய்ச்சிய ஆள் மாதிரி நான் வீட்டைச் சுற்றி வந்தேன். மதுரைக் கடையும் பாம்பன் மெக்கானிக்கும் தோற்றுப்போனார்கள் என்பது என் கணக்கு. குளிர்ந்த தண்ணீரில் நடந்த சோதனை அது என்பதை நான் யோசிக்கவில்லை.

ஐந்து நாள் நன்றாக ஓடியது. மாவு மில் நின்றுபோய், மாடியில் பம்ப்பின் முனகல் மட்டும் கேட்டது. திரையில் அந்த ஓட்டலில் அறை அறையாக விளக்கு எரியத் தொடங்கியது. ஆறாம் நாள் காலை மகள் என்னைக் கூப்பிட்டாள்.

"அய்யா, டியூப்பு பனி படிஞ்ச மாதிரி மங்கிக்கிட்டு வருது. இந்த வளைவுல லேசா சப்பளிஞ்சும் கெடக்கு."

"புதுக் குழாய் அப்படித்தான் இருக்கும்த்தா. தண்ணியோட பழகணும்."

தண்ணீரோடு குழாய் பழக வேண்டும் என்பது இயற்பியலில் எந்தப் பிரிவில் வருகிறது என்று என்னைக் கேட்கக் கூடாது.

மறுநாள் உச்சி வெயிலில், ஒப்படைக்க மூன்று நாள் இருக்கும்போது, மாடியிலிருந்து சொம்பைக் கவிழ்த்த மாதிரி ஒரு சத்தம். பிறகு சடசடவென்று ஏதோ பொரியும் சத்தம். வீடு முழுவதும் கரண்டு போய்விட்டது. நாங்கள் மேலே ஓடினோம். பம்ப்பிலிருந்து சூடான பக்கத்துக்குப் போகும் குழாய், கிளிப்போடு சேர்ந்து மூக்கிலிருந்து நழுவிக் கிடந்தது. கிராபிக்ஸ் கார்டின் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கருகிய வாடை.

மகள் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள். என் மனைவி கேட்டாள், "என்னத்தா ஆச்சு? எப்படிக் கழண்டுச்சு?"

மகள் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் திறந்தேன்.

"கிளிப்ப நல்லா முறுக்கலையோ?"

நான் அதைக் கேள்வியாகத்தான் கேட்டேன். அன்பாகக்கூடக் கேட்டேன். அவள் தன் வலது கையைப் பார்த்தாள். "ஆமா போல" என்றாள்.

கார்டு போனது, அதைத் தாங்கிய போர்டும் போனது. புதியது வந்து சேர்வதற்குள் ஓட்டல் வேலை வேறு யாருக்கோ போய்விட்டது. கம்பெனிக்காரர்கள் நல்லவர்கள், வருத்தம் தெரிவித்துக் கடிதம் அனுப்பிவிட்டு, சமையலறை, குளியலறை என்று உதிரி வேலைகள் கொடுத்தார்கள். நழுவிய குழாயை மகள் ஆராய்ந்து பார்த்துவிடக் கூடாதே என்று, "இந்தச் சனியன் வீட்டுலயே இருக்க வேணாம்" என்று சொல்லி அள்ளிக்கொண்டுபோய்க் குப்பை வண்டியில் போட்டேன். அவள் அதை என் அனுதாபம் என்று எடுத்துக்கொண்டாள்.

நான் எதிர்பார்க்காதது அடுத்து நடந்ததுதான். வீட்டில் முறுக்குகிற வேலை எல்லாம் மெல்ல மெல்ல அவள் கையிலிருந்து பிடுங்கப்பட்டது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. கேஸ் சிலிண்டர் வந்தால் அதுவரை அவள்தான் மாட்டுவாள். இப்போது என் மனைவி, "நீ இருத்தா, அய்யா மாட்டட்டும். கை அழுத்தம் பத்தாது ஒனக்கு" என்பாள். தண்ணீர் மோட்டாரின் பைப், மாடித் தொட்டியின் வால்வு, ஊறுகாய் ஜாடியின் மூடி, எல்லாம் என்னிடம் வந்தன. குழாயைத் தப்பாக வாங்கிய ஆள், அதற்குப் பரிசாக, வீட்டின் தலைமை முறுக்காளர் பதவிக்கு உயர்த்தப்பட்டேன். கல்லூரியில் துறைத் தலைவர் ஆக எனக்கு இருபத்திரண்டு வருடம் பிடித்தது. இது ஒரே நாளில் கிடைத்தது.

அவளும் அதை ஏற்றுக்கொண்டாள். குளியலறைக் குழாயை மூடிவிட்டுப் பாதி வழி போய்த் திரும்பி வந்து பார்ப்பாள். "அய்யா, மாடிக் கொழாய அடைச்சேனான்னு பாத்துட்டு வாங்களேன்" என்பாள். அடைத்துத்தான் இருக்கும். ஒவ்வொரு முறையும் அடைத்துத்தான் இருந்தது. நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அடைச்சிருக்குத்தா" என்பேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லாமல் பத்து மாதத்துக்கு மேல் ஓட்டினேன். நாளாக நாளாக, சொல்ல வேண்டியது பெரிதாகிக்கொண்டே போனது, சொல்கிறவன் சிறிதாகிக்கொண்டே போனான்.

சென்ற சித்திரையில் கம்பெனி மறுபடி ஒரு பெரிய வேலையைக் கொடுத்துப் பார்க்க முன்வந்தது. ஒரு மருத்துவமனைக் கட்டடம். அவள் இரண்டு நாள் பதில் அனுப்பாமல் இருந்தாள். பிறகு ஒத்துக்கொண்டு, சாமான்களை மறுபடி வரவழைத்தாள். இந்த முறை குழாய் முதலிலேயே வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாடிக்குக் கூப்பிட்டாள்.

"எல்லாம் மாட்டிட்டேன்ய்யா. கிளிப்பு மட்டும் நீங்க முறுக்கிக் குடுங்க. என் கைய நம்பி எறங்க முடியல."

திருப்புளியை என் கையில் வைத்தாள். நான் குனிந்து முதல் கிளிப்பைப் பிடித்தபோதுதான் உண்மையான பத்துக்குப் பதினாறு குழாயை முதல் தடவையாகத் தொட்டேன். விரலால் அமுக்கினேன். அமுங்கவில்லை. கனமான, பிடிவாதமான குழாய். வளைத்த இடத்தில் ஒழுங்காக வளைந்து நின்றது. தண்ணீரோடு பழக வேண்டிய எந்த அவசியமும் அதற்கு இல்லை.

இதை நான் முறுக்கினால் இது கழலாது. கழலாத ஒவ்வொரு நாளும் அவள் கைக்கு எதிரான சாட்சியாக ஆகிவிடும். திருப்புளியைக் கீழே வைத்தேன். கீழே இறங்கிப்போய்ப் பரணில் தேடினேன். மிஞ்சிய அந்த ஒரு மீட்டரையும், வெல்வெட் பெட்டியையும் எடுத்துக்கொண்டு மேலே வந்தேன். அவள் முன்னால் குழாயை அளந்தேன். உள்ளே பத்தரையைத் தாண்டியது. வெளியே பதின்மூன்று.

"இதுதான் போன வருசம் ஒனக்கு வாங்கிக் குடுத்தது" என்றேன். "மட்டம் பாக்குற டியூபு. நான் அளக்கல."

அவள் குழாயை வாங்கி அதன் மேல் இருந்த எழுத்தைப் படித்தாள். முழுவதும் படித்தாள்.

"எழுத்து இல்லையே அதுல."

"அழிச்சேன். ஒன்னோட நகப்பாலிஸ் மருந்தால."

"மதுரைல இதத்தான் குடுத்தாகளா?"

"மதுரைக்குப் போகல."

"வேற எங்க போனீக?"

"பாம்பனுக்கு."

"பாம்பனுக்கு எதுக்குய்யா?"

"போட்டு மெக்கானிக்குட்ட கேக்க."

"அவரு என்ன சொன்னாரு?"

"நீ எழுதுனதத்தான் வாங்கச் சொன்னாரு."

அவள் சிரிக்கப்போகிறாள் என்று ஒரு கணம் நினைத்தேன். சிரிக்கவில்லை. "கிளிப்ப முறுக்கலையோன்னு கேட்டீகளே" என்றாள். "அப்பவே ஒங்களுக்குத் தெரியும்ல."

"தெரியும்."

"ஒரு வருசமாகப்போகுதுய்யா. கேஸ மாட்டக்கூட என்னைய விடல."

மன்னிப்புக் கேட்டேன், கேட்ட சொற்கள் எனக்கே கடையில் வாங்கிய வாழ்த்து அட்டை மாதிரி ஒலித்தன. வாசலில் என் மனைவி எப்போது வந்து நின்றாள் என்று தெரியாது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "அப்ப அந்தப் பூவு?" என்றாள்.

"இங்கன பஸ் ஸ்டாண்டுல வாங்குனது."

"நல்லாத்தான் இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனாள். மதியம் சாப்பாடு மேசையில் இருந்தது. பரிமாற யாரும் வரவில்லை.

மகள் திருப்புளியைக் கையில் எடுத்துக்கொண்டாள். "நீங்க அங்கிட்டுப் போயி நில்லுங்க" என்றாள். நான் கதவோரமாக நின்றேன். எட்டுக் கிளிப்புகளையும் ஒவ்வொன்றாக முறுக்கினாள். முறுக்கியதும் இழுத்துப் பார்த்தாள், போன தடவை செய்ததுபோல ஒரே ஒரு முறை. இரண்டாம் முறை திரும்பிப் பார்க்கவில்லை. டிஷ்யூ பேப்பரை அவளே பரப்பினாள். மறுநாள் காய்ந்த பேப்பரை எனக்குக் காட்டவும் இல்லை.

அதற்குப் பிறகு எட்டு நாள் அவள் என்னிடம் பேசவில்லை. இப்போது பேசுகிறாள். மருத்துவமனை வேலையைச் சொன்ன நாளுக்கு முன்பே முடித்துக் கொடுத்துவிட்டாள். ஒப்பந்தம் பற்றிக் கம்பெனி இன்னும் எதுவும் சொல்லவில்லை. வெர்னியர் காலிப்பர் அவள் மேசைக்குப் போய்விட்டது. போன மாதம் கேஸ் அடுப்புக்கு ஒரு ரப்பர் குழாய் வாங்கி வந்தேன். வாசலிலேயே வாங்கி அளந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே கொண்டுபோனாள். நான் சொல்லிக் கொடுக்காமலே அளவைச் சரியாகப் படித்தாள்.

நேற்று சிலிண்டர் வந்தது. நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். வழக்கத்தில் காலை மடக்கி எழுந்துகொள்ளப் பார்த்தேன். என் மனைவி என்னைத் தாண்டிப் போய், மாடிப்படி அடியில் நின்று கூப்பிட்டாள்.

"ஏத்தா, சிலிண்டரு வந்துருச்சு. எறங்கி வா."